எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சென்னையில் எந்தச் சைவ ஓட்டலுக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். மேஜை காலி இல்லை என்றால், கையில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பிள்ளை என்று யாரோ ஒருவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி, அந்த மனிதருக்கு இன்னும் எத்தனை வாய் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருப்பார். இடம் கிடைத்து உட்கார்ந்ததும் தண்ணீர் டம்ளர்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளுவார். சர்வர் வந்ததும் மனைவிக்கு, மகளுக்கு, மகனுக்கு என்று வரிசையாகச் சொல்லி முடிப்பார்.

"சார், உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா. ஒரு ப்ளேட் மட்டும் எக்ஸ்ட்ராவா குடுங்க."

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த சர்வர் இதை நம்பிவிடுவார். பாவம், மனுஷனுக்கு வயிறு சரியில்லை போல என்று நினைப்பார். அனுபவப்பட்டவர் கேட்பதே இல்லை. பிள்ளைகளின் வயதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலித் தட்டு ஒன்றை அப்பாவின் முன்னால் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். மிச்ச அப்பாவை அவருக்கு அடையாளம் தெரியும்.

சாம்பாரில் மிதக்கும் 14 குட்டி இட்லி முதலில் வரும். மகன் நாலைத் தின்பான், ஒன்றை நசுக்குவான், ஒன்றைக் கீழே போடுவான், "போதும்" என்பான். நசுக்கியதையும் சேர்த்து ஒன்பது இட்லி அப்பாவின் தட்டுக்கு மாறும். அடுத்து மகளின் கோன் தோசை. உச்சியைக் கொஞ்சம் கடித்துவிட்டு, மீதியைத் தலையில் கவிழ்த்துப் பார்த்து, எண்ணெய் வழிந்ததும் அழுதுகொண்டே கீழே வைப்பாள். அதுவும் மாறும். சோலா பூரியின் மேல் பிள்ளைகளுக்கு உள்ள பற்று, விரலால் குத்தி ஆவி வெளியேறும் வரைதான். காற்றுப் போன பூரியைச் சீந்த ஆளில்லை, ஒருவரைத் தவிர. கடைசியில் பில் வரும். அதில் 5 சதவீத ஜிஎஸ்டியை 2.5 மத்திய அரசுக்கு, 2.5 மாநில அரசுக்கு என்று சரிபாதியாகப் பிரித்துப் போட்டிருக்கும். மிச்சமெல்லாம் அப்பாவுக்கு.

இதைத் தியாகம் என்று எழுதி யாரும் கண்ணீர் விட வேண்டாம். ஆர்டர் கொடுக்கும்போது பக்கத்து மேஜையிலிருந்து காது கொடுத்துக் கேட்டால் விஷயம் விளங்கும்.

"பாப்பாவுக்கு நெய் ரோஸ்ட்."

"அப்பா, எனக்கு இட்லி."

"நெய் ரோஸ்ட்தான் கேட்டா போன தடவை. கூட ஒரு வடகறியும் சொல்லுங்க."

ஆறு வயசுப் பெண் வடகறி கேட்டதாகச் சரித்திரம் உண்டா? மிச்சமாகப் போகிறது என்று தெரிந்தபின் மிச்சம் நல்லதாக இருக்கட்டுமே என்பது அவர் கட்சி. தனக்கென்று ஒரு ரோஸ்ட் சொன்னால் அது செலவு, மகளுடைய ரோஸ்ட்டில் முக்கால்வாசி வந்து சேர்ந்தால் அது வரவு. இந்தக் கணக்கு மனைவிக்கும் தெரியும். ஆனால் வாய் திறக்க அவருக்கு நேரம் ஏது? தனக்கென்று வந்த மசால் தோசை ஆவி பறக்கும்போதுதான் மகனுக்கு ஒன்றுக்கு வரும். போய்த் திரும்பினால் மகளுக்குக் கை கழுவ வேண்டும். உட்காரும்போது தோசை ஆறி விறைத்துக் கிடக்கும். "ஏங்க, உங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கலாம்ல?" என்று நாலு வருஷத்துக்கு முன்பு கேட்டதோடு சரி.

இத்தனைக்கும் இவர் ஒரு காலத்தில் மகா சுத்தக்காரர். அண்ணன் தம்பியானாலும் ஒரே சொம்பில் வாய் வைத்துக் குடிக்கக் கூடாது, அண்ணாந்து குடிக்க வேண்டும் என்று வளர்ந்த வீடு. கல்லூரி விடுதியில் இவர் தட்டில் யாராவது கை வைத்தால் தட்டோடு எழுந்து போய்விடுவார். இன்றைக்கு அந்த மனிதர்தான், மகன் பல்லால் நசுக்கித் தட்டையாக்கிய ஸ்ட்ராவில், பிரெட் துணுக்குகள் மிதக்கும் ரோஸ் மில்க்கின் கடைசி இரண்டு அங்குலத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். முகத்தில் சுளிப்பு இல்லை. உறிஞ்சும் சத்தம் கேட்டு மகன்தான் சுளிக்கிறான்.

ஓட்டல் வாரத்துக்கு ஒரு நாள். வீட்டில் தினமும் உண்டு. மாலை ஆறரைக்கு அலுவலகத்திலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றுகிறாரோ இல்லையோ, மகளின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார். காலை ஏழரைக்கு அடைத்த எலுமிச்சை சாதம் பாக்ஸின் வடிவத்திலேயே கட்டியாக இறங்கும். ஒரு மூலையில் மட்டும் ஒரு கரண்டி போன அடையாளம். உருளைக்கிழங்கு வறுவல் காலி. கறிவேப்பிலை, கடுகு, கடலைப் பருப்பு எல்லாம் மூடிக்குள் வரிசையாக ஒதுக்கப்பட்டிருக்கும். குப்பையில் கொட்ட மனசு வருமா? ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்த கை. தொட்டி ஓரமாக நின்றபடியே கடலைப் பருப்பு உட்பட உள்ளே போய்விடும். பிறகு மனைவி, "டிபன் எடுத்து வைக்கட்டுமா?" என்பார். "லைட்டா வை."

பிள்ளைகள் ஏன் சாப்பிடுவதில்லை என்று பாட்டிகள் மூக்கைச் சிந்துவார்கள். டாக்டர் அலட்டிக்கொள்ள மாட்டார். பிறந்த எடை முதல் வருஷத்திலேயே மூன்று மடங்காகிவிடுகிறது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு கிலோ ஏறினால் பெரிது. அவ்வளவு குறைவாக வளர்கிற உடம்புக்கு அவ்வளவு குறைவாகத்தான் பசிக்கும். புதுக் காய் ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ள, அலுக்காமல் பத்து முறையாவது தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், திணிக்கக் கூடாது என்பார். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தப் பத்து முறையும் தட்டில் வைத்த பீட்ரூட் எங்கே போகிறது என்பதை அவர் சொல்வதில்லை. மகளுக்குப் பீட்ரூட் பிடித்துப்போவதற்குள் அப்பாவின் உதடு சிவந்துவிடுகிறது. மகளுக்குப் பிடித்த பிறகு தம்பிக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிட்டது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 கிலோ. மிச்ச அப்பா வீட்டில் ஒரு பருக்கை வீணாவதில்லை. அந்தக் கிலோக்கள் வேறு இடத்தில் சேர்கின்றன. அலுவலகத்தில் வருடாந்திரப் பரிசோதனை நடந்தபோது இடுப்பைச் சுற்றிய டேப் 98 செ.மீ. காட்டியது. இந்திய ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக் கூடாது.

"ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

"ரெண்டே ரெண்டு இட்லி டாக்டர்."

பொய் இல்லை. அவருடைய தட்டில் விழுந்தது இரண்டுதான். மற்றவர் தட்டுகளைப் பற்றி டாக்டரும் கேட்கவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஆயுசு கொஞ்சம்தான் என்பது மட்டும் இவருக்குத் தெரியாது. பெண்ணுக்குப் பத்து வயதாகும். நீச்சல் வகுப்பு முடிந்து நேராக ஓட்டலுக்கு வருவாள். வழக்கம்போல "எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டுக் காலித் தட்டோடு காத்திருப்பார். நெய் ரோஸ்ட்டின் ஒரு முனையில் அவள் ஆரம்பிப்பாள். பாதி வந்ததும் இவர் நிமிர்ந்து உட்காருவார். அவள் நிறுத்த மாட்டாள். முறுகல் ஓரம் போகும், நடுப்பகுதி போகும், வடகறிக் கிண்ணத்தைத் தோசைத் துண்டால் துடைப்பாள். தம்பியோ பதினாலையும் முடித்துவிட்டு ஸ்பூனை நக்கிக்கொண்டிருப்பான்.

"முழுசும் சாப்பிட்டியா?" என்பார். பெருமையாகத்தான் கேட்க நினைப்பார். குரலில் என்னவோ புகார் தொனிக்கும். மனைவி அன்றைக்குச் சூடான தோசையோடு, குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார்.

"வேற என்ன சார்?"

இனிமேல் தனக்கென்று கேட்டால் கௌரவம் என்ன ஆவது? "பில்" என்பார். பில்லோடு வருகிற சோம்பு கிண்ணத்தை அப்படியே உள்ளங்கையில் கவிழ்த்து வாய் பக்கம் கொண்டுபோகும்போது முழங்கையை ஒரு சின்னக் கை இழுக்கும்.

"அப்பா, எனக்கு?"