கேள்வி-பதில்: எரியும் கால், ஓடும் மனசு

கே: ராத்திரி படுத்தால் பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிகிறது. பத்து வருஷமாக சுகர். தியானம் பண்ணினால் சரியாகிவிடும் என்கிறாள் மருமகள். நம்பலாமா? (வாசகி, போலகம்)

ப: பாதி நம்பலாம். மருமகள் சொன்னதில் பாதியை மாமியார் ஏற்றுக்கொண்டாலே அந்த வீட்டில் தியானம் ஆரம்பமாகிவிட்டது! மீதியை நான் சொல்கிறேன். வருஷக்கணக்கில் சர்க்கரை ஏறியே இருந்தால் நரம்பு கெடும். நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை, அதனால் எரிச்சலும் மதமதப்பும் அங்கேதான் முதலில். கெட்ட நரம்பைத் தியானம் செப்பனிடாது. ஆனால் எரிச்சலோடு கூடவே ‘இன்றைக்கும் தூக்கம் போச்சு’, ‘காலையே எடுத்துவிடுவார்களோ’ என்று வருகிறதே, அந்தப் பயத்தைத் தணிக்கும்.

ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலிக்காரர்களுக்கு மனக்கவனத் தியானப் பயிற்சி தொடங்கினார். எட்டு வாரம். கனடாவில், சுகரால் நரம்பு வலி வந்த 66 பேரிடம் அதைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி எடுத்தவர்களுக்கு, வலி அன்றாட வேலையைக் கெடுப்பது குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் செலவில்லாத வழியாயிற்றே, செய்து பாருங்கள்.

படுத்தபடியே மூச்சைக் கவனியுங்கள். பிறகு கால் கட்டைவிரலில் தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். எரிச்சல் வந்தால் விரட்ட வேண்டாம். எந்த இடத்தில், எவ்வளவு, ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பாருங்கள். மனசு நாளைய நண்டுக் குழம்புக்கு ஓடும். திட்டாமல் கூட்டி வாருங்கள். பத்து நிமிஷம் போதும். மருமகளையும் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள்.

கே: அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகர், நிரவி)

ப: கூடவே கூடாது. நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், டுலாக்ஸெடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் வேறு தொல்லைகள் வரும். சுகருக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் பி12 சோதனையையும் டாக்டரிடம் கேளுங்கள். அது குறைந்தாலும் கால் எரியும்.

கே: எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சுகர். தண்ணீர்க் கோளாறா? (வாசகர், திருமலைராயன்பட்டினம்)

ப: தண்ணீரை விடுங்கள். 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு சுகர். நாட்டின் சராசரி 11.4. இனி டீக்கடையில் சர்க்கரை கேட்பவரைத்தான் ‘ஸ்பெஷல்’ என்று கூப்பிட வேண்டும்.

கே: அப்பாவுக்குக் கால் எரிச்சல் தானாகவே நின்றுவிட்டது. நல்லதுதானே? (வாசகி, காரைக்கால்)

ப: அம்மா, இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன். சர்க்கரை கட்டுக்குள் வராமலே எரிச்சல் நின்றிருந்தால், கால் மரத்துப்போயிருக்கலாம். ஆணி ஏறினாலும் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் தெரியும். தினமும் ராத்திரி அவர் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு. என் பழைய பல்லவிதான், இன்னும் நூறு தடவை பாடுவேன். திருநள்ளாறு கோயிலுக்குப் போவதென்றால் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். உச்சி வெயிலில் கல்தரை சுடுவது அவருக்கு உறைக்காது, தோல் வெந்துவிடும். இந்த வாரமே டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்.

கே: மாங்கனித் திருவிழாவில் வீசும்போது பிடித்த மாம்பழத்தை சுகர்காரர் தின்னலாமா? (வாசகர், போலகம்)

ப: ஒரு கீற்று. மிச்சம், கை நீட்டியும் கிடைக்காத பக்கத்து ஆளுக்கு.