வட்டம் போடும் அண்ணன்

கையில் பேனா கிடைத்தால் போதும், வட்டம் போட்டுவிடுவார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், விசைத்தறிக் கூடத்துச் சுவர், பேனா இல்லாவிட்டால் டீக்கடை பெஞ்சில் சிந்திய தண்ணீர் என்று எங்கும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று வட்டங்கள். வங்கித் தேர்வின் தர்க்கக் கேள்விகளை வட்டம் போட்டுப் படிக்கும் அண்ணன். சங்கரன்கோவிலில் தெருவுக்கு ஒருவர் உண்டு.

பஸ் ஸ்டாண்டில் யாராவது, "திருநெல்வேலி பஸ்ஸு சிலது கூட்டமா வருது" என்று வாய்விட்டால் தொலைந்தார்.

"அப்போ மத்ததெல்லாம் காலியா வரும்னு நினைக்கியளா அண்ணாச்சி? ஃபாலோ ஆகாது. சிலதுன்னா எல்லாமே கூட்டமாவும் இருக்கலாம். 'சில மட்டுமே'ன்னு சொன்னாத்தான், சிலது கூட்டமில்லைன்னு உறுதி."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பஸ் போய்விடும். காலியாகத்தான் போகும்.

வீட்டிலும் இதே கதை. "வேலைக்குப் போறவனுக்கெல்லாம் பொண்ணு கொடுக்காவ" என்பார் அம்மா. "அதுக்காக, வேலைக்குப் போகாதவனுக்குக் கொடுக்க மாட்டாவன்னு ஆகாதும்மா. பாசிபிலிட்டி இருக்கு." அம்மா அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவார். மலையில் புகை இருந்தால் நெருப்பும் இருக்கும் என்பதற்கு மணிமேகலையில் அறவண அடிகள் காட்டும் உதாரணமே அடுக்களைதான். அண்ணனுக்கு அது மனப்பாடம். தன் வீட்டு அடுக்களை புகைவதுதான் தெரியாது.

ஆடித்தபசுத் திருவிழா அன்றாவது சும்மா இருப்பாரா? சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று நாகங்களான சங்கனும் பதுமனும் மல்லுக்கட்ட, கோமதி அம்மன் தவமிருந்து சிவனையும் விஷ்ணுவையும் ஒரே உருவாகக் காட்சி தரவைத்த ஊர் இது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது, அண்ணன் என் காதைக் கடிக்கிறார்: "பாத்தியாடே, எல்லாரும் ஈதர்-ஆர்னு நினைச்சாம்லா? ஆன்சர், போத் ஃபாலோ." அன்று மட்டும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அவரிடம் வட்டம் போடக் கற்ற பையன்கள் வங்கிக் கவுன்டர்களில் உட்கார்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் ஏன் வெளியே? ஐ.பி.பி.எஸ். பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். பையன்கள் தெரிந்ததைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். அண்ணனோ ஒரே கேள்வியில் நாலாவது வட்டத்தை எங்கே வைக்கலாம் என்று வாதாடிக்கொண்டிருப்பார். எதிராளி கம்ப்யூட்டர், அது பதில் பேசாது, நேரத்தை மட்டும் குறைக்கும்.

அந்தத் தேர்வுக்கு வயது வரம்பு 30. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டு சலுகை. அண்ணனுக்கு 32 நடக்கிறது. வயதுக் கணக்கில் பாசிபிலிட்டிக்கு இடமில்லை. நான் சொன்னால் என்னையும் வட்டத்துக்குள் போட்டுவிடுவார். உங்கள் தெரு அண்ணனிடமாவது நீங்கள் சொல்லுங்கள்: தெரியாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கட்டும்.