குறைந்தபட்சச் செலவு

துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரம். அதன் 122-ஆவது மாடியில் அட்மாஸ்ஃபியர் என்றொரு உணவகம் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு ‘ஒரு காபி போதும்பா’ என்று சொல்லிவிட முடியாது. மினிமம் ஸ்பெண்ட் என்று ஓர் ஏற்பாடு உண்டு. தலைக்கு இவ்வளவு என்று வகுத்திருக்கிறார்கள். அந்தத் தொகை தீரும்வரை தின்றோ குடித்தோ ஆக வேண்டும். ஜன்னலோர மேசை என்றால் தொகை இன்னும் ஏறும். மேகம் வந்து ஜன்னலை மறைத்துக்கொண்டால் அது மேகத்தின் குற்றம்.

ஏழையை விரட்டும் தந்திரம் இது என்று நினைத்துவிடாதீர்கள். ஏழை அந்த லிஃப்ட் பக்கமே வருவதில்லை. வந்தாலும் கையில் துடைப்பத்தோடு வேறு லிஃப்டில் வருவான். வருகிற பணக்காரன் கஞ்சனாக இருந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் காரணம். நியாயமான கவலை. ஆனால் அதே நாட்டில், அந்தத் தட்டைக் கழுவுகிற வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி என்று சட்டத்தில் ஒரு தொகை கிடையாது. தொழிற்சங்கம் கிடையாது. வேலைநிறுத்த உரிமை கிடையாது. தின்பவன் எவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எழுதி வைத்தாயிற்று. கொடுப்பவன் எவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எழுதத்தான் காகிதம் கிடைக்கவில்லை. புர்ஜ் கலீஃபாவைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் 2006 மார்ச்சில் கூலி போதவில்லை என்று கொந்தளித்தார்கள். சாதாரணத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 4 டாலர் அளவில் கிடைக்கிறது என்று அப்போது செய்தி வந்தது. அவர்கள் எழுப்பிய உயரத்தில்தான் இன்று ஜன்னலோர மேசைக்குத் தனி விலை.

சரி, தங்கத்துக்கு வருவோம். துபாயில் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் தங்கம் தானாக வந்து மேலே ஒட்டிக்கொள்ளும். ஸ்கூப்பி கஃபே என்ற கடை 2015-இல் ‘பிளாக் டயமண்ட்’ என்று ஓர் ஐஸ்கிரீம் போட்டது. மடகாஸ்கர் வெனிலா, ஈரான் குங்குமப்பூ, கருப்பு ட்ரஃபிள், மேலே 23 காரட் தங்கத் தாள், கீழே வெர்சாச்சி கிண்ணம். விலை 800 டாலருக்கு மேல். 2021-இல் பம்பாய் பரோ என்ற உணவகம் 1,000 திர்ஹத்துக்குத் தங்கப் பிரியாணி விற்றது. அதே ஆண்டு கராமாவில் ஒரு கடை 99 திர்ஹத்துக்குத் தங்கத் தாள் சுற்றிய வடா பாவ் கொண்டுவந்தது. வடா பாவ்! மும்பை மில் தொழிலாளி ஷிஃப்டுக்கு ஓடுகிற ஓட்டத்தில் ஒரு கையில் பிடித்துத் தின்ற பண்டம். அதையும் விடவில்லை. தொழிலாளியின் சாப்பாட்டுக்குத் தங்கம் சுற்றுவார்கள். தொழிலாளியின் சம்பளத்துக்கு மட்டும் தகரம்.

உணவில் சேர்க்கும் தங்கத்துக்கு ஈ175 என்று ஓர் எண் உண்டு. ருசி இல்லை, மணம் இல்லை, சத்து இல்லை. குடல் அதைச் சீந்துவதில்லை. போன வண்ணமே மறுநாள் வெளியே வந்துவிடும். எடை போட்டால் மூக்குத்தித் திருகாணிக்குக்கூடத் தேறாது. நாக்குக்கும் இல்லை, வயிற்றுக்கும் இல்லை என்றால் யாருக்காக இந்தத் தங்கம்? எதிரே நீட்டிப் பிடித்திருக்கும் செல்போனுக்காக. அந்த மேசையில் உண்மையாகச் சாப்பிடுவது அது ஒன்றுதான்.

இந்தக் கலையின் மகாவித்வான் துருக்கிக் கசாப்புக்காரர் நுஸ்ரெத் கொக்செ. 2017 ஜனவரியில் முழங்கை வழியே உப்பைச் சரியவிட்டு ஒரு வீடியோ போட்டு உலகப் புகழ் அடைந்தவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவர் உப்பிட்டால் வங்கிக் கணக்கில் உள்ளளவும் நினைத்தே ஆக வேண்டும். கத்தாரில் 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குள் நுழைந்து, அர்ஜென்டினாக்காரர்கள் வென்ற கோப்பையைத் தானும் தூக்கி முத்தமிட்டார். எதையும் சமைக்காமலே பரிமாறுவது எப்படி என்று அவரிடம்தான் கற்க வேண்டும்.

அந்த இறுதி ஆட்டத்துக்கு முந்தைய மாதம், துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் தன் அபுதாபி உணவகத்தின் பில் ஒன்றை அவரே பெருமையோடு இன்ஸ்டாகிராமில் போட்டார். ஒரே மேசை, ஒரே இரவு. 6,15,065 திர்ஹம். அன்றைய மதிப்பில் 1 கோடியே 36 லட்சம் ரூபாய். தொகையின் பெரும்பகுதி பெட்ரூஸ் என்ற பிரெஞ்சு ஒயினுக்குப் போனது. படத்தின் கீழே, தரத்துக்கு விலை ஒருபோதும் அதிகமில்லை என்ற பொருளில் ஒரு தத்துவம். ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். திட்டினால் என்ன? திட்டியவர்கள் எல்லாரும் சேர்ந்து காசு வாங்காமல் விளம்பரம் செய்து கொடுத்தார்கள்.

அந்தப் பில் வந்த 2022-ஐக் கொஞ்சம் முன்பின்னாகப் புரட்டிப் பாருங்கள். மே மாதம் முதல் தேதி, துபாயில் டெலிவரூ என்ற உணவு டெலிவரி நிறுவனத்தின் ரைடர்கள் பைக்கை நிறுத்திவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஒரு டெலிவரிக்கு 10.25 திர்ஹம் கொடுத்துவந்ததை 8.75 ஆகக் குறைக்க நிறுவனம் திட்டமிட்டிருந்தது. வேலைநிறுத்தம் செய்தால் நாடு கடத்தப்படலாம் என்று தெரிந்தே செய்தார்கள். நிறுவனம் பின்வாங்கியது. சில நாளில் தலபாத் என்ற இன்னொரு டெலிவரி நிறுவனத்தின் ரைடர்களும் இறங்கினார்கள். அவர்களுக்கு அப்போது டெலிவரிக்கு 7.50 திர்ஹம், கேட்டது இன்னும் 2 திர்ஹம். பெட்ரோல் அவர்கள் கைக்காசு. அடுத்த மாதமே லிட்டர் 4 திர்ஹத்தைத் தாண்டியது.

ஒரு கணக்குப் போடுவோம். அபுதாபி மேசையின் அந்த ஓர் இரவை 10.25-ஆல் வகுத்தால் 60,006 டெலிவரி. நாளுக்கு 20 என்று வைத்தாலும், விடுமுறையே எடுக்காமல், காய்ச்சலே வராமல், லாரி இடிக்காமல், எட்டு வருஷத்துக்கு மேல் ஓட வேண்டும். அதில் பெட்ரோல், பெட் ஸ்பேஸ் வாடகை, குப்பூஸ், ஊருக்கு அனுப்புகிற பணம் எதையும் கழிக்கவில்லை. கழித்தால் கணக்கு அடுத்த ஜென்மத்துக்குப் போகும்.

ஜூன் மாதம் மிஷ்லின் வந்தது. துபாய் அரசின் பொருளாதார, சுற்றுலாத் துறையோடு கைகோத்து முதல் துபாய்க் கையேட்டை வெளியிட்டது; 11 உணவகங்களுக்கு நட்சத்திரம். மிஷ்லின் ஒரு டயர் கம்பெனி என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். 1900-இல் பிரான்சில் இந்தக் கையேட்டைத் தொடங்கியதே, ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சாப்பிடப் போனால் டயர் தேயும், புதுசு வாங்குவார்கள் என்ற நல்லெண்ணத்தில்தான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் துபாயில் மிஷ்லின் முதலில் மாலை போட வேண்டிய ஆள் டெலிவரி ரைடர். ஊரிலேயே அதிகமாக டயர் தேய்ப்பவன் அவன். நட்சத்திரம் கிடைத்த இடங்களுக்கோ ஜனங்கள் வேலெட் பார்க்கிங்கில் இறங்கி நாலு அடி நடக்கிறார்கள்.

சமையல்காரர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ட்ரெசிண்ட் ஸ்டுடியோவில் ஹிமான்ஷு சைனி 20 பேருக்கு மட்டும் பரிமாறும் அந்த நீளமான விருந்தில் உண்மையான கைத்திறன் இருக்கிறது. 2025-இல் மூன்று நட்சத்திரம் பெற்ற உலகின் முதல் இந்திய உணவகம் அது. நன்றாகச் சமைக்கிறவனுக்குப் பேர் வரட்டும். ஆனால் நம்ம ஊர்ப் பத்திரிகைகள் இதை இந்தியாவுக்கே வயிறு நிறைந்துவிட்ட மாதிரி கொண்டாடியதைத்தான் சகிக்க முடியவில்லை. துபாயில் இந்தியர்கள் என்றால் அந்த ஓர் அடுப்பங்கரை மட்டும் இல்லை. சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்களில் ஓர் அறையில் இரண்டு அடுக்குக் கட்டில் போட்டுப் படுத்திருப்பவர்களும் இந்தியர்கள்தான். அவர்கள் மெஸ் சாப்பாட்டுக்கு எந்தப் பத்திரிகையும் முதல் பக்கம் ஒதுக்கியதில்லை.

நம்ம யூடியூப் தம்பிகளைச் சொல்லவே வேண்டாம். தங்கப் பிரியாணியை வாயில் வைத்ததும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, ‘வேற லெவல் மக்களே!’ என்கிறார்கள். வேற லெவல்தான், சந்தேகமில்லை. அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்த பையன் எந்த ஊர், என்ன சம்பளம், பாஸ்போர்ட் யார் கையில் என்று கேட்டிருந்தால் வீடியோ இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும். நீண்ட வீடியோவை யாரும் கடைசிவரை பார்ப்பதில்லையாம்.

அதே 2022-இன் செப்டம்பருக்கு வருகிறேன். மே மாதம் வேலைநிறுத்தம், ஜூனில் நட்சத்திரம், நவம்பரில் கோடி ரூபாய்ப் பில். நடுவே செப்டம்பரில் துபாய் அரசின் அறக்கட்டளை அமைப்பு ‘எல்லோருக்கும் ரொட்டி’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. விலைவாசி ஏறியிருந்த நேரம். சூப்பர் மார்க்கெட்டுகளில் 10 இயந்திரங்களை வைத்தார்கள். திரையைத் தொட்டால் சூடான ரொட்டி இலவசமாக வரும். அரபு ரொட்டியும் கிடைக்கும், நம்ம சப்பாத்தியும் கிடைக்கும். கார்டு தேய்க்கும் வசதியும் உண்டு. விலை கொடுக்க அல்ல, மனமுள்ளவர்கள் நன்கொடை போட.

ரொட்டி கொடுத்ததைப் பழிக்க மாட்டேன். பசித்தவன் வாங்கித் தின்னட்டும். ஆனால் தங்கம் தூவிய ஐஸ்கிரீம் விற்கும் ஊரில், நாள் முழுக்க வேலை பார்க்கிறவனுக்கு ரொட்டி வாங்கக் காசு போதாமல் போவது எப்படி என்று அந்த இயந்திரத்திடம் யாரும் கேட்கவில்லை. அதன் திரையில் அந்தப் பொத்தான் இல்லை. கூலியாகக் கொடுத்தால் அது அவன் காசு. நிமிர்ந்து நின்று எண்ணிப் பார்ப்பான், குறைந்தால் சண்டை போடுவான். தர்மமாகக் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவான். தர்மம் எப்போதும் மலிவு.

ஆகவே மிஷ்லின் நிறுவனத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அந்த ரொட்டி இயந்திரத்தையும் நட்சத்திரத்துக்குப் பரிசீலியுங்கள். உங்கள் அளவுகோல்கள் ஊருக்கே தெரிந்தவை. மூலப்பொருளின் தரம்: மாவு, தண்ணீர், உப்பு, மறைக்கத் தங்கத் தாள் இல்லை. உப்பும் முழங்கை வழியாக வந்ததல்ல. சமைப்பவரின் ஆளுமை: இந்த ஊரில் வாடிக்கையாளரை ஏற இறங்கப் பார்க்காத ஒரே ஆள் அந்த இயந்திரம். எப்போது போனாலும் மாறாத ருசி: அதில் அதை மிஞ்ச எந்த மனிதனாலும் முடியாது. மினிமம் ஸ்பெண்ட் கிடையாது. உடை விதி கிடையாது. டெலிவரி கம்பெனியின் டி-ஷர்ட்டோடு, வேர்வையோடு வரலாம்.

எத்தனை நட்சத்திரம் என்பதில்தான் யோசனை. ஒன்று என்றால் வழியில் நிறுத்திச் சாப்பிடலாம், இரண்டு என்றால் சுற்றிக்கொண்டு போனாலும் தகும், மூன்று என்றால் அந்தச் சாப்பாட்டுக்காகவே பயணம் புறப்படலாம் என்பது உங்கள் விதி. இந்த ரொட்டிக்கு மூன்றுக்குக் குறைந்து கொடுத்தால் அநியாயம். இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பெஷாவரிலிருந்தும் சில்ஹெட்டிலிருந்தும் நிலத்தை அடகு வைத்து, ஏஜெண்டுக்குக் கொட்டிக் கொடுத்து, பெற்ற பிள்ளையின் முகம்கூடப் பார்க்காமல் விமானம் ஏறிவந்தல்லவா அந்த வரிசையில் நிற்கிறார்கள்! உங்கள் ஆய்வாளர் வழக்கம்போல் பெயர் சொல்லாமலே வரட்டும். அங்கே யாருக்கும் யார் பெயரும் தெரியாது. முன்பதிவு வேண்டாம்; கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றால் போதும்.