மருமவன் கேமரா வாங்கிட்டான்

கேமரா வாங்கிட்டியாமே மருமவனே. உங்கம்மை சந்தோசமாத்தான் சொன்னா. கழுத்துச் சங்கிலி எங்கேன்னு கேட்டதுக்கு மட்டும் பதில் வரலை. நல்லது. நகைக்கடன் ரசீதைப் பத்திரமா வை, படத்தோட செலவுக் கணக்குலே மொத வரி அதுதான்.

விசிட்டிங் கார்டும் கைக்கு வந்துச்சு. பேருக்குக் கீழே 'இயக்குநர்'னு போட்டிருக்கு. அதுக்குக் கீழே, இயக்குன படத்தைப் போடுறதுக்கு எடம் விட்டிருக்கே. அடக்கமான பிள்ளை.

எங்கிட்டே ஏன் யோசனை கேக்கேன்னு தெரியும். டூரிங் டாக்கீசுலே ஆபரேட்டரா இருந்த ஆளாச்சே. பெரிய படம் ஓடுறதுக்கு முன்னாடி பிலிம்ஸ் டிவிசன் ரீலு ஒண்ணை ஓட்டியே ஆகணும்னு அப்போ சட்டம். 1948லே பம்பாயிலே ஆரம்பிச்ச சர்க்கார் கம்பெனி அது. ரீலு சுத்த ஆரம்பிச்ச உடனே சனம் எந்திரிச்சு முறுக்கு வாங்கப் போயிரும். மிசினைவிட்டு நகர முடியாதவன் நான் ஒருத்தன்தான். வெள்ளம், அணைக்கட்டு, மந்திரி, திரும்பவும் வெள்ளம். கனத்த குரல்லே ஒருத்தர் எல்லாத்துக்கும் வெளக்கம் சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஏர் ஓடுறது நம்ம கண்ணுக்குத் தெரியும், ஏர் ஓடுதுன்னு அவரும் சொல்லுவாரு. நடுவுலே அருமையான படங்களும் வந்துச்சு, பொய் சொல்லப்பிடாது. முறுக்கு வாங்கப் போனவனுக்குத்தான் அது தெரியாது. நீயும் கனத்த குரலுக்கு ஒரு ஆளைப் பேசி வச்சு, அவரு வாசிக்க எட்டுப் பக்கம் எழுதியும் முடிச்சிட்டியாமே. இன்னும் ஒரு படமும் பிடிக்கலை, அதுக்குள்ளே வெளக்கம் தயார். பிலிம்ஸ் டிவிசனே உங்கிட்டே கத்துக்கிட்டிருக்கணும்.

தலைப்பு 'எங்கள் கிராமத்து வாழ்க்கை'யாம். அம்புட்டையுமா எடுக்கப் போறே? கோயில் கொடை, கொளம், டீக்கடை, கபடி, கடைசியிலே சூரிய அஸ்தமனம். அஸ்தமனத்தை எல்லாரும் எடுத்துட்டாக மருமவனே, சூரியனுக்கே சலிச்சுப் போச்சு.

பேரன் போனைக் கையிலே குடுத்ததுலே இருந்து பழைய படம்லாம் பாக்கேன். பிளாகர்ட்டின்னு ஒரு அமெரிக்கக்காரன், கனடாவோட வடக்குலே அட்சன் விரிகுடாப் பக்கம் போயி இனுயிட்டு சனங்களைப் படம் பிடிச்சான். 1916லே டொராண்டோவிலே அதை வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கும்போது, அவன் சிகரெட்டுத் தீயே விழுந்து 30,000 அடி நெகட்டிவ் எரிஞ்சு போச்சு. அந்தக் காலத்து நைட்ரேட்டு பிலிம் பத்துனா தண்ணிக்கும் அடங்காது. வேற ஆளா இருந்தா தொழிலை மாத்தியிருப்பான். இவன் மிஞ்சின ஒத்தைப் பிரதியைப் போட்டுப் பாத்துட்டு, எரிஞ்சதும் நல்லதுக்குத்தான்னு முடிவு பண்ணுனான். இங்கே ஒரு காட்சி, அங்கே ஒரு காட்சின்னு கெடந்துச்சே தவிர, கூடவே போறதுக்கு அதுலே ஒரு ஆளு இல்லே. 1920லே திரும்பப் போயி ஒரு வேட்டைக்காரனையும் அவன் குடும்பத்தையும் பிடிச்சுக்கிட்டான். 1922லே வந்த 'நானூக் ஆப் த நார்த்' அதுதான். உன் மெமரி கார்டு எரியணும்னு நான் சொல்லலை. எரிஞ்ச படத்தை நீ எடுக்காதேன்னு சொல்லுதேன். எடுத்த அன்னைக்கு ராத்திரியே ரெண்டு தனித்தனி டிஸ்க்குலே ஏத்து, ஒண்ணை எங்க வீட்டுப் பீரோவிலே வை. அதுக்கு முன்னாடி கார்டை அழிச்சிராதே.

ஒரு ஆளு போதும். மதுரையிலே அமுதன் ஆர்.பி.ன்னு ஒருத்தர் 2003லே 'பீ'ன்னு ஒரு படம் எடுத்தாரு. தெருவிலே மனுசக் கழிவை அள்ளுற ஒரு பொம்பளை, அவ வேலை பாக்குற ஒரு தெரு, அவ பேச்சு. கனத்த குரலும் இல்லே, அஸ்தமனமும் இல்லே. சாப்பிட்ட கையோட பாக்காதே.

நம்ம ஊருலே இன்னும் ஒரு பனையேறி மிச்சம் இருக்காரே, அவரை எடு. விடியுறதுக்கு முன்னாடி காலுலே தளைநாரை மாட்டிருவாரு. மேலே போயி பாளையை ஒரு சீவு மெல்லிசாச் சீவுவாரு, கலயத்துக்குள்ளே சுண்ணாம்பு தடவுவாரு. சுண்ணாம்பு இல்லேன்னா அது பதநீரு இல்லே, கள்ளு. இதை எப்படி எடுக்கணும்னா, தள்ளி நின்னு மரம் முழுசும் அவரும் தெரியுற மாதிரி ஒண்ணு எடு. கொஞ்சம் கிட்டே போயி, மரத்தைக் கட்டிப்பிடிச்ச ஒடம்பு. பெறவு தளைநாருக்குள்ளே இருக்குற பாதம், சீவுற அருவா, சுண்ணாம்பு ஒட்டுன வெரலு. ஒவ்வொண்ணுக்கும் கேமராவை ஆட்டாம மனசுக்குள்ளே பத்து எண்ணு. நீ சோதனைக்கு எடுத்ததைப் பாத்தேன், வண்டு கடிச்ச கன்னுக்குட்டி மாதிரி கேமரா துள்ளுது. எனக்குத் தலை சுத்தி உங்க அத்தை இஞ்சித் தண்ணி போட்டுக் குடுத்தா.

ஏறுறதை எடுக்கத் தவறிட்டேன்னு வச்சுக்கோ. 'அண்ணாச்சி, கேமராவுக்காக இன்னொருக்கா ஏறுங்க'ன்னு சொன்னியோ, நான் உன்னை மருமவன்னு சொல்ல மாட்டேன். அம்பது அறுபதடி மரம், பிடிக்கக் கயிறு கிடையாது. அவரு நாளைக்கும் ஏறுவாரு, அந்தப் பருவம் முடியுற மட்டும் ஏறுவாரு. நீ நாளைக்கு வா.

எங்கிட்டேயும் படம் எடுக்கன்னு பட்டணத்துப் பிள்ளைக நாலஞ்சு பேர் வந்தாக. 'ஐயா, கலப்பையைத் தோள்லே வச்சுக்கிட்டு வரப்புலே நடங்க'ன்னாக. டிராக்டர் வந்த நாள்லே இருந்து கலப்பை பரண்லே கெடக்கு, எட்டுக்காலி குடும்பத்தோட குடியிருக்கு. எறக்கித் தூசி தட்டி நடந்தேன். வெளிச்சம் சரியில்லேன்னு திரும்ப நடக்கச் சொன்னாக. அப்போ ஒருத்தன் 'நேச்சுரலா இருங்கய்யா'ன்னான். படத்துலே என் பேருக்குக் கீழே 'பாரம்பரிய விவசாயி'ன்னு போட்டிருந்தாகளாம். தோட்டத்துலே நிக்கிற டிராக்டரை மட்டும் ஒரு பய காட்டலை.

இந்தக் கூத்தும் புதுசில்லே. நானூக்குன்னு படத்துலே வாரவன் பேரு நெசத்துலே அல்லாகரியல்லாக். அந்தச் சனம் துப்பாக்கி வச்சு வேட்டையாடிக்கிட்டு இருந்த காலம் அது, படத்துக்காக ஈட்டியைக் குடுத்தான் பிளாகர்ட்டி. பனிவீட்டுக்குள்ளே வெளிச்சம் பத்தாதுன்னு பாதி வீட்டை மட்டும் கட்டவச்சு அதுலே படுக்கச் சொன்னான். அவன் மேலே எனக்குக் கோவமும் உண்டு, மரியாதையும் உண்டு. எடுத்ததை அங்கேயே கழுவி அந்தச் சனத்துக்குத்தான் மொதல்லே போட்டுக் காட்டுனான். எங்கிட்டே வந்த பிள்ளைக போட்டுக் காட்டவும் இல்லே, கலப்பையைப் பரண்லே ஏத்தவும் இல்லே.

இனி சத்தம். கேமராவைக் காட்டுனே, லென்சைக் காட்டுனே, டிரோனைப் பறக்கவிட்டு மேலத்தெரு ஆட்டை எல்லாம் கம்மாய்க்கு அங்கிட்டு ஓட்டுனே. மைக்கு எங்கேன்னா முழிக்கே. கேமராவிலேயே இருக்காம். இருக்கு, ஆனா அது பக்கத்துலே உள்ள சத்தத்தைத்தான் நல்லாப் பிடிக்கும். பக்கத்துலே நிக்கிறது யாரு? நீதான். பனையேறி பேச்சு கெணத்துக்குள்ளே இருந்து வரும், உன் மூச்சு தெளிவாக் கேக்கும். படம் கொஞ்சம் மங்கினாலும் சனம் பொறுத்துக்கிடும், பேச்சு வெளங்கலேன்னா எந்திரிச்சுப் போயிரும். எத்தனை வருசம் அந்தக் கொட்டகைக்குள்ளே இருந்து பாத்தவன் நான். டிரோனை வித்துட்டு ஒரு காலர் மைக்கு வாங்கு, காத்து இரையாம இருக்க அதுக்குப் பஞ்சுத் தொப்பி வாங்கு, காதுலே ஹெட்போன் மாட்டாம ஒருத்தரையும் பேசச் சொல்லாதே.

வீட்டுக்குள்ளே பேச வச்சா பேனையும் ஐசுப்பெட்டியையும் நிறுத்து. நிறுத்தின உடனே உன் பைக்குச் சாவியை ஐசுப்பெட்டிக்குள்ளே வச்சிரு. சாவியை எடுக்காம நீ வீட்டுக்குப் போக முடியாது, எடுக்கும்போது சுவிச்சு ஞாவகம் வரும். சவுண்டுக்காரங்க வழக்கமாப் பண்ணுற உபாயம் இது. பேசி முடிச்ச பெறவு எல்லாரையும் வாயை மூடச் சொல்லி ஒரு நிமிசம் அந்த வீட்டோட அமைதியையும் பதிஞ்சு வை. நாளைக்குப் பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவுலே தூவ அது வேணும். அது இல்லேன்னா ஒவ்வொரு வெட்டுலேயும் காது அடைச்ச மாதிரி இருக்கும்.

டியூப்லைட்டு வெளிச்சத்துலே கருப்புப் பட்டை ஓடுதுன்னு சொன்னியே, கேமரா கோளாறு இல்லே. நம்ம ஊருக் கரண்டு 50 சைக்கிள். 25 பிரேம்லே வை, சட்டரை 1/50லே வை, ஓட்டம் நின்னுரும். அமெரிக்காக்காரன் 60 சைக்கிளுக்குச் சொன்னதைப் போன்லே பாத்துட்டு நீ 1/60 வச்சிருப்பே.

பேட்டிக்கு வருவோம். 'உங்களுக்குப் பனையேறப் பிடிக்குமா?'ன்னு கேட்டா 'பிடிக்கும்'பாரு. அதோட சோலி முடிஞ்சுது. 'மொத மொத எப்படி ஏறுனீங்க?'ன்னு கேளு. லென்சை ஒட்டி உக்காரு, அவரு உன்னைப் பாத்துப் பேசட்டும். அவரு நாரைத் திரிச்சுக்கிட்டோ அருவாளைத் தீட்டிக்கிட்டோ இருக்கும்போது கேளு, கைக்கு வேலை இருந்தாத்தான் வாய் தானாத் தொறக்கும். பதில் சொல்லி முடிச்ச உடனே அடுத்த கேள்விக்குப் பாயாதே. பேசாம இரு. அந்தச் சும்மாவைத் தாங்க முடியாம அவரே ஒண்ணு சொல்லுவாரு பாரு, அதுதான் படம். அவரு கண்ணு கலங்குனா அதுக்கு மேலே புல்லாங்குழலைப் போட்டுத் தொலைக்காதே.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒப்புதல் தாள். கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி வாசிச்சுக் காட்டு. எங்கே எங்கே போட்டுக் காட்டுவே, காசு வந்தா யாருக்கு, இதை எல்லாம் தமிழ்லே சொல்லு. அவரு வேண்டாம்னா வேண்டாம்தான்.

எத்தனை நாளுலே முடியும்னு கேட்டே. அடுத்த பொங்கலுக்குள்ளே ஆஸ்கர் வேணும்போல இருக்கு. முதுமலை தெப்பக்காட்டு யானை முகாம்லே கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்த 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' 2023லே ஆஸ்கர் வாங்குச்சே, அது 40 நிமிசப் படம். அந்தப் பிள்ளை அஞ்சு வருசம் அதுக்குப் பின்னாலே அலைஞ்சிருக்கு. அதுக்கும் முன்னாடி நம்ம கோட்டையூர் ஏ.கே. செட்டியாரை நெனச்சுப் பாரு. 1937 அக்டோபர் 2, நியூயார்க்குலே இருந்து டப்ளினுக்குப் போற கப்பல்லே காந்தியைப் பத்திப் படம் எடுக்கணும்னு அவருக்குத் தோணுச்சு. ஒரு லட்சம் மைலுக்கிட்டே சுத்தி, யார் யாரோ எப்பவோ எடுத்து வச்சிருந்த பிலிமைத் தேடி, 50,000 அடி சேத்தாரு. 1940லே படம் வெளியே வந்துச்சு. இன்டர்நெட்டும் இல்லே, விசிட்டிங் கார்டுலே இயக்குநர்னு போட்டதாவும் நான் கேள்விப்படலை. சேத்ததுலே முக்காவாசியை வெட்டித்தான் படம் பண்ணுனாரு. நீ எடுத்ததுலே ஒரு நொடியைக் கொறைன்னா அழுதே.

கேமராவைப் பழக ஒரு வாரம் போதும், உனக்கு மூளை இருக்கு, பத்து நாள் வச்சுக்கோ. மிச்சமெல்லாம் அடுத்தவன் வீட்டுத் திண்ணையிலே உக்காந்திருக்கிற வேலை. அது உனக்குக் கஷ்டம்தான், எங்க அக்கா வீட்டுலேயே நீ அஞ்சு நிமிசம் உக்காந்து நான் பாத்ததில்லே.

நாளைக்குக் காலையிலே 4 மணிக்கு அண்ணாச்சி எங்க வாசல் வழியாத்தான் போவாரு. வந்து நில்லு. கேமராவைக் கொண்டாராதே, கலயத்தைச் சொமந்துக்கிட்டு அவரு பின்னாலே போ. உன் பேரைச் சொல்லி அவரே கூப்பிடுற அன்னைக்குக் கேமராவை எடுத்துக்கிட்டுப் போகலாம்.