நடுப்பெயர்ப் பாடு: பழவேற்காட்டுக் குப்பங்களில் பெண் குழந்தைக்குப் பேர் வைத்தல் பற்றி ஓர் ஆய்வு

பழவேற்காடு ஏரியைப் பற்றி அறிஞர்கள் எழுதாதது குறைவு. சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று அளந்து வைத்திருக்கிறார்கள். பூநாரைகளை எண்ணியிருக்கிறார்கள். முகத்துவாரம் எப்போது தூர்கிறது, எப்போது திறக்கிறது என்று படம் போட்டிருக்கிறார்கள். இறால் பிடிக்க இங்கே முறைவைத்துக்கொள்ளும் 'பாடு' வழக்கத்தைப் பற்றி ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1991-இல் ரோமிலிருந்து தனிப் பிரசுரமே வெளியிட்டது. ஆனால் ஏரிக்கரை வீட்டில் பெண் குழந்தை பிறந்ததும் பேருக்காக நடக்கும் பாட்டைப் பல்கலைக்கழகங்கள் தொட்டதாகத் தெரியவில்லை. நிதி கிடைக்காது என்ற பயமாக இருக்கலாம். இந்த ஆய்வாளர் நிதி கேட்கவில்லை. டீயும் வறுத்த கிழங்கானும் கிடைத்தன. ஆய்வு அதிலேயே ஓடியது.

முதலில் நடுப்பெயர் என்பது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். தமிழருக்கு அது பிறவியில் வாய்த்த உறுப்பன்று. முன்னால் அப்பன் பேரின் எழுத்து ஒன்று, பின்னால் நம் பேர், அத்தோடு தீர்ந்தது. அந்த எழுத்தையும் தமிழிலேயே போட வேண்டுமென்று 2021 டிசம்பரில் அரசு ஆணையே வந்தது. சிக்கல் படிவங்களில் தொடங்குகிறது. ஆதாரில் பேருக்கு ஒரே வரி. கடவுச்சீட்டில் இரண்டு கட்டம். பான் அட்டைக்கு நெடுங்காலமாகப் புழங்கிய 49ஏ படிவத்திலோ கடைசிப் பெயர், முதற்பெயர், நடுப்பெயர் என்று மூன்று கட்டங்கள். முன்னெழுத்து மட்டும் போட்டால் செல்லாது. ஒரே பெண் ஒரு அலுவலகத்தில் முழுதாகவும், இன்னொன்றில் இரண்டு துண்டாகவும், மூன்றாவதில் மூன்று துண்டாகவும் நிற்கிறாள். நடுத்துண்டுக்கு என்ன போடுவது என்ற கேள்வி அங்கே பிறந்து, திரும்பி வந்து தொட்டிலுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வரலாற்றைப் பார்த்தால் பழவேற்காட்டுக்காரர்கள் நடுப்பெயரை முன்பே அறிந்திருக்க வேண்டும். அது கடல் வழியாக மூன்று தடவை இங்கே வந்து இறங்கியிருக்கிறது. முதலில் போர்ச்சுகீசியர், 1515-இல் எழும்பியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் அவர்கள் காலத்தது. அவர்கள் வழக்கில் தாய்வழிக் குடும்பப் பேர் நடுவிலும் தந்தைவழிப் பேர் கடைசியிலும் நிற்கும். பிறகு டச்சுக்காரர்கள் வந்து 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் காலத்து டச்சு வழக்கைப் படித்தால் நம் ஆட்களோ என்று சந்தேகம் வரும். அப்பன் பேரோடு 'மகன்' சேர்த்து நடுவில் போடுவார்கள். ஆபெல் யான்சோன் டாஸ்மான் என்றால் யானின் மகன் ஆபெல். பெண்ணானால் 'மகள்'. அதையும் முழுதாக எழுதச் சோம்பல்பட்டு, இரண்டெழுத்தில் சுருக்கிப் புள்ளி வைப்பார்கள். இன்ஷியலில் இருந்து எம்பெருமான் நெப்போலியன்தான் அவர்களை மீட்டான். 1811-இல் எல்லாரும் குடும்பப் பேர் பதிய வேண்டுமென்று உத்தரவு போட்டான். அவன் பழவேற்காடு வரை வராததால் நாம் தப்பித்தோம், அல்லது மாட்டிக்கொண்டோம். மூன்றாவதாக வெள்ளைக்காரன் அழகுக்காக வைத்த நடுப்பெயர். மூன்றும் வந்தன, எலும்புக்கூடு செதுக்கிய வாசல் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி ஒன்றுகூடக் குப்பத்துக்குள் வரவில்லை.

இனி களம். கோட்டைக்குப்பத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பெயர் ஆய்வு என்றாலும் பெயர்களை மாற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது; மீனை ஆராய வந்தவன் மீனை ஒளித்துவைத்துப் பேசுவது போலத்தான், என்ன செய்வது. குழந்தைக்கு இருபதாம் நாள். அப்பனைப் பெற்ற ஆயா அஞ்சலை திண்ணையில் உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறாள். குழந்தையின் தாய் உள்ளே. தாயைப் பெற்றவள் கன்னியம்மா பிரசவத்துக்கு வந்து இன்னும் ஊர் திரும்பவில்லை. தாய்மாமன் கையில் செல்போன். அதில் 'ஷிகா', 'விகா', 'ஷ்மிதா' என்று முடியும் ஒரு நீண்ட பட்டியல்.

"தன்விகான்னு வெச்சா நல்லாக்குது," என்கிறான் மாமன்.

"யார் வூட்டுப் பேரு அது?" என்கிறாள் ஆயா, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்தக் கேள்வியில்தான் முழு ஆய்வும் அடங்கியிருக்கிறது. பேருக்குப் பொருள் என்ன என்று அவள் கேட்கவில்லை. எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கேட்கிறாள். ஏன் என்று புரிய, பாட்டின் நடைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஏரியில் நல்ல இறால் விழும் இடங்கள் சிலதான். எல்லாரும் ஒரே நேரத்தில் வலையைப் போட்டால் மண்டைதான் உடையும். அதனால் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் தலைக்கட்டுக் கணக்கு வைத்து, சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை பிரித்துக்கொள்வார்கள். முறை வராதவன் காத்திருப்பான். அவன் பாடு அவனுக்கு வரும். அருமையான ஏற்பாடு. மேல்நாட்டு ஆய்வாளர்கள் மெச்சிக்கொண்டதில் வியப்பில்லை. அதில் ஒரு விஷயத்தை மட்டும் நான் இரண்டு முறை படித்தேன். பாட்டுரிமை ஆண்வழிப்பட்டது. கல்யாணமான மகனுக்குத் தலைக்கட்டு உண்டு. மகளுக்குச் சீட்டில் பேர் கிடையாது. கரைக்கு வந்த இறாலைப் பிரிப்பதும், கூடையில் தூக்குவதும், சந்தையில் உட்கார்ந்து விலை பேசுவதும் அவள்தான், ஆனாலும் கிடையாது.

ஆக, அஞ்சலைக்கு அவள் மாமியாரிடமிருந்து ஏரியில் ஒரு முழ இடம்கூட வந்ததில்லை. தன் பேத்திக்குக் கொடுக்கவும் அவளிடம் தண்ணீரில் எதுவும் இல்லை. மூக்குத்தியும் ரெண்டு பாத்திரமும் போக, கைவசம் இருப்பது பேர் ஒன்றுதான். அது அவளுடைய ஆயாவின் பேர். அதைத்தான் அவள் நடுவிலாவது வைக்கச் சொல்லிப் போராடுகிறாள். பழைய பேரா, புதுப் பேரா என்ற சண்டையை ரசனைச் சண்டையாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறிவிடுகிறார்கள்.

இதற்காகப் பழைய பேரெல்லாம் தங்கம் என்று சொல்லிவிடவும் முடியாது. முன்னால் பிறந்தது தங்காமல் போனால் அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பம்மா என்று வைப்பார்கள்; பிச்சையம்மாவும் அப்படித்தான். யமனை ஏமாற்றும் உத்தி. அதில் பாசமாவது இருக்கிறது. இதே திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணிப் பக்கத்து ஊர் ஒன்றில், பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால் அடுத்ததற்கு 'வேண்டாம்' என்றே பேர் வைக்கும் வழக்கம் 2019-இல் செய்தியில் அடிபட்டது. அந்தப் பேரைப் பள்ளிக்கூடத்தில் தினமும் வருகைப் பதிவில் கூப்பிடுவார்கள், அவளும் எழுந்து 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும். மரபு என்ற பெட்டியில் அதுவும்தான் கிடக்கிறது. தன்விகாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அந்தப் பெட்டியை ஒரு தடவை முழுதாகக் கொட்டிப் பார்ப்பது நல்லது.

இடையில் தமிழாசிரியர்களின் கட்சி ஒன்று உண்டு. அவர்கள் 'கயல்விழி' என்பார்கள். மீனவர் வீட்டுக்கு மீன் பேர், எவ்வளவு பொருத்தம்! அஞ்சலையிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "கயலுன்னா இன்னா மீனு?" என்றாள். கெண்டை வகை, நன்னீரில் கிடப்பது என்றேன். ஏரியில் கொடுவாவும் மடவையும் கிடக்க, எவனோ குளத்து மீனைக் கொண்டுவந்து என் பேத்தி கண்ணில் வைப்பானேன் என்று கேட்டாள். புலவர்களிடம் இதற்குப் பதில் இல்லை. ஆயிரம் ஆண்டுகளாகப் பெண்ணின் கண்ணுக்கு ஒரே மீனைச் சொல்லி ஒப்பேற்றியிருக்கிறார்கள். மடவைக்கண்ணி என்று ஒருத்தி தமிழ்நாட்டில் உண்டா?

மாமன் விடவில்லை. தன்விகா தோற்றதும் ரோகிணியை எடுத்தான். இது கெட்டிக்காரத்தனமான நகர்த்தல். ஆயாவுக்கு அது நட்சத்திரப் பேர். மாமனுக்கு அது ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 கொண்டுபோய் வானத்தில் விட்ட செயற்கைக்கோளின் பேர். பழமைக்குப் பழமை, புதுமைக்குப் புதுமை. அதற்கு முந்தின ஆண்டு ஆகஸ்டில் போன முதல் ரோகிணி வங்காள விரிகுடாவில் விழுந்தது. அதற்கப்புறமும் விஞ்ஞானிகள் குப்பம்மா என்று மாற்றாமல் அதே பேரை வைத்தார்கள். அறிவியலின் துணிச்சலை நான் மதிப்பது இதற்காகத்தான். ஆனால் ஆயாவுக்கு வேறொரு தடை இருந்தது. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும். அன்றைக்குத் தொழில் இல்லை. "பொயப்பக் கெடுக்கறதோட பேர வூட்டுல வெச்சுக் கூப்புடணுமா?" என்றாள். இதை மறுக்க விண்வெளித் துறையாலும் ஆகாது.

ஆனால் பேரை நிதானமாக வைக்கலாம் என்பதற்கு அதே ஸ்ரீஹரிகோட்டா நல்ல சாட்சி. 2002 செப்டம்பர் 12 அன்று அங்கிருந்து ஒரு வானிலைச் செயற்கைக்கோள் போனது. பேர் மெட்சாட்; ஆஸ்பத்திரி அட்டையில் 'பெண் குழந்தை' என்று எழுதுவதற்குச் சமானம். 2003 பிப்ரவரி 1-இல் கொலம்பியா விண்ணோடம் சிதறிக் கல்பனா சாவ்லா இறந்தார். 5-ஆம் தேதி அந்தச் செயற்கைக்கோளுக்குப் பிரதமர் வாஜ்பாய் கல்பனா-1 என்று பேர் வைத்தார். பிறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நம் சட்டமும் ஏறக்குறைய இதே தாராளம் காட்டுகிறது. 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளில் பதிய வேண்டும். பேரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். தாமதக் கட்டணம் கட்டினால் 15 வயது வரைகூட அவகாசம். பெற்றோருக்கு இது தெரிவது நல்லது. சம்பந்திகளுக்குத் தெரியாமலிருப்பது அதைவிட நல்லது. ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஏறுகிற எழுத்தைப் பிறகு சுரண்டுவது கஷ்டம்.

புயலுக்குப் பேர் வைக்கிறவர்களின் விதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 2020-இல் 13 நாடுகள் சேர்ந்து 169 பேர்கள் கொண்ட பட்டியல் போட்டன. ஆங்கிலத்தில் எட்டெழுத்துக்கு மேல் போகக்கூடாது, யார் மனமும் புண்படக்கூடாது, ஆண்பால் பெண்பால் தெரியக்கூடாது. இந்தியா கொடுத்ததில் முரசும் உண்டு, நீரும் உண்டு. பதின்மூன்று நாடுகள் ஒத்துப்போன கதை இது. இரண்டு சம்பந்திகளை ஒரு திண்ணையில் உட்காரவைத்து அவர்கள் முயன்று பார்க்கட்டும். தவிர, ஒரு தடவை வைத்த புயல் பேர் மறுபடி வரவே கூடாதாம். குப்பத்தில் அடிப்படை விதியே தலைகீழ்: வந்த பேர் திரும்பி வந்தே ஆக வேண்டும்.

முப்பதாம் நாள் கங்கையம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். அத்தை குழந்தையை மடியில் வாங்கி, காதில் மூன்று முறை ஒரு பேரைச் சொன்னாள். என்ன பேர் என்று அவளுக்கும் குழந்தைக்கும்தான் தெரியும். கேட்டால் குலதெய்வத்தின் பேர் என்று பொதுப்படச் சொல்வார்கள். தொட்டிலில் போட்டதும் ஊர் 'பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஐம்பது வயதிலும் பாப்பாவாகவே இருக்கிற பெண்கள் அந்தத் தெருவிலேயே உண்டு. ஆக, காதில் ஒன்று, வாயில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. காகிதத்தில் உள்ளதிலும் முன்பாதி பள்ளிக்கூடத்துக்கு. நடுப்பேரைக் கூப்பிட ஒருவரும் இல்லை. அதனால்தான் பிற நாட்டார் வழக்கத்தில் விபரீதமான பேரை நடுவில் ஒளித்துவைக்கிறார்கள். குப்பத்தில் புதுப்பேர் தைரியமாக முன்னால் போகிறது. பழைய பேர் நடுவுக்கு வருகிறது. டீச்சர் சிரிக்கக்கூடாது, ஆயாவும் அழக்கூடாது.

அஞ்சலையின் மகன் பொன்னேரிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தான். ஆயா தடுத்தும் ரோகிணியே முன்னால் நின்றது: ரோகிணி அஞ்சலை, பின்னால் அப்பன் பேர். அஞ்சலைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். தாளைத் தூரத் தள்ளி, கிட்ட இழுத்து, ஒருவழியாகக் கண்டுபிடித்தாள்.

"எம்பேரு இன்னாடா நடுவுல? முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, நசுக்கி வெச்சிக்கீறே."

"அடுத்த பொண்ணுக்கு முன்னாடி வெச்சிடலாம்மா."

உள்ளேயிருந்து மருமகள் குரல் வந்தது: "அடுத்த பாடு எங்கம்மாவுது."