எரிக்கச் சொன்ன கடிதங்கள்

கேள்வி: அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் குடும்பத்துக் கடிதங்கள் இத்தனை காலம் எப்படித் தப்பின?

பதில்: கணவர் மனைவி சொல்லைக் கேட்காததால்! 'எரித்துவிடுங்கள்' என்று மனைவி அபிகேல் எழுதியதுண்டு. ஜான் எரிக்கவில்லை. 1776-இல், எழுதும் கடிதங்களைப் பிரதி எடுத்து வைக்கவே ஒரு நோட்டு வாங்கினார். நீயும் வாங்கிக்கொள் என்று மனைவிக்கும் சொன்னார். அந்தத் தம்பதியின் 1,100-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று பாஸ்டனில், மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. போர், அம்மை நோய், விலைவாசி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவற்றில் கலந்து வரும். ஒரு தேசம் பிறந்த கதையைச் சமையலறை வழியாகவும் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய பேறு!

மகன் ஜான் குவின்சி ஆடம்ஸும் ஜனாதிபதியானவர். அவருடைய நாட்குறிப்பு மட்டும் 51 தொகுதிகள். தன் நூல்களுக்கும் தாள்களுக்கும் தீப்பிடிக்காத கட்டடம் வேண்டுமென உயிலில் எழுதினார். குவின்சி ஊரிலுள்ள குடும்ப வீட்டுத் தோட்டத்தில் 1870-இல் அந்தக் கல் நூலகம் எழுந்தது. 1946-இல் குடும்பத்தார் வீட்டை நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள்.

நூலகத்தைக் கட்டியவர் ஜான்-அபிகேல் தம்பதியின் பேரன் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஆடம்ஸ். பாட்டி எரிக்கச் சொன்னாரே, அந்தப் பாட்டியின் கடிதங்களை 1840-இல் புத்தகமாக அச்சிட்டவரும் அவர்தான்.