குந்து பேராண்டி, இன்டர்வியூவுக்குப் போறியாமே!

ஜமுனாமரத்தூர்ல தனியார் வேலைவாய்ப்பு முகாம்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கான், நீயும் போறியாம். உங்க ஆயா சொன்னா. நல்லது. சாமை வெதைக்கக் கூப்பிட்டா இடுப்பு வலிக்குதுங்கிற, புளி உலுக்க மரம் ஏறச் சொன்னா தலை சுத்துதுங்கிற. உனக்கேத்த வேலை எவனாவது நாற்காலி போட்டுக் குடுத்தாத்தான் உண்டு. போ. போறதுக்கு முன்னாடி இந்தக் கிழவன் சொல்றதையும் காதுல வாங்கிக்கோ. எனக்கு இன்னா தெரியும்னு நெனைக்காதே. போன முகாம் அன்னிக்கு பள்ளிக்கூடத்து ஜன்னலோரம் வெத்தலைப் பையோட குந்தினவன், கடைசி ஆளு வெளிய வர்ற வரைக்கும் எழுந்திரிக்கல. அன்னிக்குப் பாத்ததுக்கு அப்புறம் டீவியில வர்ற காமெடிக்கு எனக்குச் சிரிப்பே வர மாட்டேங்குது.

முதல்ல ஷூ விஷயம். இன்டர்வியூன்னா ஷூ போட்டே ஆகணும்னு எந்தப் புண்ணியவானோ சொல்லி வச்சுட்டான். நம்ம பசங்க அஞ்சு பேரு, ஷூ ஒரே ஜோடி. போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிட்டு வந்த எவனோ ஒருத்தனோட ஒம்பதாம் நம்பர். ஏற்பாடு இன்னான்னா, பேசி முடிச்சவன் பின்வாசல் வழியா வந்து கழட்டித் தரணும், அடுத்தவன் மாட்டிக்கினு முன்வாசல் வழியா உள்ள போகணும். சின்னக் கால்காரனுக்காக உள்ள பேப்பர் வேற திணிச்சு வச்சிருந்தாங்க. திட்டம் பழுதில்ல. ஆனா எதிர்ல குந்தியிருந்தது எந்தக் கம்பெனி ஆபிசர்? செய்யாறு சிப்காட் பக்கம் இருந்து வந்த ஷூ கம்பெனி ஆபிசர்! அந்தாளு வாழ்நாள் பூரா காலைப் பாத்தே பொழைச்சவரு. மூணாவது பையன் உள்ள போனப்ப லேசா நெத்தியைச் சுருக்கினாரு. நாலாவது பையன் போனப்ப மூஞ்சியையே பாக்கல, கீழ பாத்துக்கினு, "இது இப்பதானே வெளிய போச்சு"ன்னாரு. அஞ்சாவது பையன் காலு ஆறாம் நம்பர். எல்லாத்துக்கும் பதில் சொல்லி, வணக்கம் வச்சு, எழுந்து வந்தான் பாரு, அவன் மட்டும்தான் வந்தான். ஷூ ரெண்டும் நாற்காலிக்கு அடியிலயே நின்னுடுச்சு.

வேலை யாருக்குக் கிடைச்சதுன்னு கேளு. அதுக்கப்புறம் ரப்பர் செருப்போட போனானே, அவனுக்கு. ஷூ வாங்காத ஜனம் இருந்தாத்தானே தம்பி எங்க கம்பெனிக்கு வியாபாரம்னு சிரிச்சுக்கினே எழுதிக் குடுத்துட்டாரு ஆபிசரு. அதனால நீயும் தாராளமா இரவல் ஷூ வாங்கிக்கோ. உனக்கப்புறம் வர்றவனுக்கு வேலை கிடைக்கும்.

அடுத்தது பயோடேட்டா. அதை நீ எழுதப்போறதில்ல, போளூர் பிரவுசிங் சென்டர்ல இருக்கிற புள்ளை எழுதும். அது கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு பயோடேட்டா இருக்குது, ஆளுக்கு ஆளு பேரை மட்டும் மாத்தும். அதனாலதான் நம்ம மலையில இருக்கிற எல்லாப் பயலுக்கும் வாழ்க்கையில ஒரே லட்சியம், ஒரே பொழுதுபோக்கு. பாட்டுக் கேக்கிறது, புத்தகம் படிக்கிறது. புத்தகமா? நீயா? போன தடவை அந்தப் புள்ளை அவசரத்துல அப்பன் பேரை மாத்த மறந்துடுச்சு. ஆபிசர் கேட்டாரு, "அப்பா பேரு இன்னாப்பா?" பையன் சொன்னான். "இதுல வேற பேரு போட்டிருக்கே?" பையன் எட்டிப் பாத்து, "அவரும் எங்க ஊருதான் சார், நல்லவரு"ன்னுட்டான். ஆபிசர் பேனாவை மூடி வச்சுட்டுத் தண்ணி குடிச்சாரு.

இன்னொருத்தன் எதைக் கேட்டாலும் "எஸ் சார்". பன்னெண்டாவது முடிச்சிருக்கியா, எஸ் சார். கல்யாணம் ஆயிடுச்சா, எஸ் சார். குழந்தை இருக்குதா, எஸ் சார். வயசு பத்தொம்பது! விஷயம் ஊருக்குள்ள பரவி, அவனுக்குப் பேசி வச்சிருந்த பொண்ணு வூட்டுக்காரங்க பஞ்சாயத்தைக் கூட்டிட்டாங்க. இன்டர்வியூல உன்கிட்ட என்ன குறைன்னு வேற ஒருத்தனைக் கேட்டாங்க. மழையில நனைஞ்சா சளி புடிச்சுக்கும் சார்ன்னான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டதுக்கு உண்மையைச் சொன்னான். இன்னொரு பயலுக்கு நடுவுல போன் அடிச்சுது. அமத்துவான்னு பாத்தா எடுத்துப் பேசுறான்: "மாமா, இன்டர்வியூல இருக்கேன். இவரு இன்னும் ரெண்டு கேள்விதான் கேப்பாரு, லைன்லயே இரு." லைன்ல இருக்கிற மாமனாவது தேவலாம். கூடவே வர்ற மாமன் இருக்கானே! பையனுக்கு வேலை, மாமனுக்கு இன்டர்வியூ. நைட் ஷிப்ட் பாப்பியான்னு பையனைக் கேட்டா, "அவனுக்குக் கண்ணு முழிக்க முடியாதுங்க"ன்னு மாமன் பதில் சொல்றான். ராத்திரி பூரா செல்போன் நோண்டுற பய அவன்.

சிரிச்சிட்டேன்டா இதுக்கெல்லாம். சிரிக்க முடியாத ஒண்ணும் நடந்துச்சு. ஒரு ஆபிசரம்மா, பாவம் நல்ல மனசா, பையனைப் பேச வைக்கணும்னு, "ஜவ்வாது மலையா? அங்க என்ன இருக்குது?"ன்னு கேட்டாங்க. இவன் தலையைக் குனிஞ்சுக்கினு, "ஒண்ணும் இல்ல மேடம்"ன்னுட்டான்.

ஒண்ணும் இல்லையாம்! காவலூர்ல இருக்கிறது இன்னாடா, மாட்டுக் கொட்டாயா? 93 அங்குலம் அகலக் கண்ணாடி வச்ச டெலஸ்கோப்பு அது. 1986ல ராஜீவ் காந்தி வந்து வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு பேரை வச்சுட்டுப் போனாரு. அதுக்கு முன்னாடியே, 1977ல, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கிறதை உலகத்துல பல இடத்துல குந்திப் பாத்தாங்களே, அதுல அந்தக் கெரகத்துக்கு வளையம் இருக்கிறது தெரிய வந்துச்சே, அன்னிக்குக் காவலூரும் கண்ணைத் தொறந்துதான் வச்சிருந்துச்சு. 1988ல புதுசா ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சு நம்ம கணித மேதை ராமானுஜன் பேரை வச்சாங்க. அதுவும் இதே மலையில இருந்துதான். இதெல்லாம் ஷூ தைக்க உதவுமான்னு கேக்காதே. சாமை இருக்குது, தேன் இருக்குது, பலா இருக்குது, பீமன் அருவி இருக்குதுன்னாவது சொல்லேன். சொந்த ஊரைப் பத்தி ஒரு வரி பேசத் தெரியாதவன்கிட்ட அவங்க மெஷினை நம்பிக் குடுப்பாங்களா?

சம்பளம் கேக்கிற இடத்துலயும் இதே கூத்துதான். எவ்வளவு எதிர்பாக்கிறன்னு கேட்டா, "நீங்களா பாத்துக் குடுங்க சார்". திருவண்ணாமலை தீபத்துக்கு மாட்டுச் சந்தைக்கு உன்னைக் கூட்டிக்கினு போனேனே, ஞாபகம் இருக்குதா? வாங்குறவன் பல்லைப் புடிச்சுப் பாப்பான், சுழியைப் பாப்பான், நடக்க வுட்டுப் பாப்பான். அப்புறம் துண்டைப் போட்டுக் கையை மூடி, விரலைப் புடிச்சு வெலை பேசுவான். விக்கிறவன் என்னிக்காவது "பாத்துக் குடுங்க"ன்னு சொல்லியிருக்கானா? துண்டுக்குள்ள ரெண்டு கை இருந்தாத்தான் பேரம். இன்டர்வியூல விக்கிறவனும் நீதான், மாடும் நீதான். மாடா மட்டும் நின்னுட்டு வராதே.

வாத்தியாரு ஒருத்தரு டீக்கடைக்கு வருவாரு, அவரைக் கேட்டா ஊரு ஒலகமே இப்படித்தான் இருந்திருக்குது. அமெரிக்காவுல எடிசன்னு பல்பு ஆளு, 1921ல வேலைக்கு வந்தவங்களுக்கு நூத்துக்கும் மேல கேள்வி வச்சாராம். எந்த ஊரு எங்க இருக்குது, எது எங்க விளையுதுன்னு. காலேஜு முடிச்சவனெல்லாம் மண்ணைக் கவ்வினான். ஐன்ஸ்டீன் அந்த ஊருக்குப் போனப்ப, அந்தக் கேள்வியில ஒண்ணை அவருகிட்டயே நீட்டினாங்களாம், சத்தம் எவ்வளவு வேகத்துல போகும்னு. புத்தகத்துல இருக்கிறதை நான் ஏன் மண்டையில சுமக்கணும்னு சொல்லிட்டாராம் மனுஷன். நீ அதைச் சொல்லிடாதே. அவரு ஐன்ஸ்டீன். நம்ம பக்கத்துலயும் 1981ல 'தில்லு முல்லு' வந்துச்சு. மொதலாளி தேங்காய் சீனிவாசனுக்கு எது புடிக்கும்னு முன்னாடியே வெசாரிச்சு, மீசையும் அதுக்கேத்த வேஷமுமாப் போயி வேலை வாங்குவாரு ரஜினி. தியேட்டர்ல வுழுந்து வுழுந்து சிரிச்சோம். ஆனா வேலை கிடைச்ச பிறகு படம் பூரா அந்த மீசையைக் காப்பாத்தவே அவருக்குப் பொழுது சரியாப் போச்சு. ஒரு பொய்யி, அதுக்கு ஒரு தம்பி பொய்யி, அம்மா பொய்யி. ரஜினிக்கு டைரக்டர் பாலசந்தர் இருந்தாரு, காப்பாத்தி வுட்டாரு. உனக்கு யாரு இருக்கா?

இப்ப ஆன்லைன்ல வேற நடக்குதாம். தெலங்கானா பக்கம் ஒரு பையன், கேமரா முன்னாடி தனக்குப் பதிலா சிநேகிதனைக் குந்த வச்சுப் பேச வச்சான். வேலையும் கிடைச்சுது. நேருல வந்து நின்னா மூஞ்சியும் வேற, இங்கிலீசும் வேற. கொஞ்ச நாள்லயே போலீஸ் கம்ப்ளெயின்ட் வரைக்கும் போயிடுச்சு. நம்ம ஊருல அந்தத் தில்லுமுல்லு நடக்காது, டவரே கிடைக்காதே. பாறை மேல ஏறி, மேல சட்டை டை, கீழ லுங்கியோட ஒருத்தன் குந்தினான். கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்ல ஆடு ஒண்ணு வந்து பயோடேட்டாவைத் தின்னுது. ஆட்டை வெரட்ட எழுந்திரிச்சான். மீதியை நான் சொல்ல மாட்டேன், உங்க ஆயா இருக்கா.

இந்தத் தொல்லையே வேணாம்னு டெல்லிக்காரன் 2016 ஜனவரி 1ல இருந்து கீழ்மட்ட வேலைக்கெல்லாம் நேர்முகத் தேர்வையே எடுத்துட்டான். பரீட்சை எழுது, மார்க் வாங்கு, போ. நல்ல காரியம். சிபாரிசுக்காரன் பொழைப்புல மண்ணு வுழுந்துச்சு. ஆனா பெரிய வேலைக்கு இன்னும் இருக்குது. அங்க போயி ஜெயிச்ச ஆளு எங்கயோ இல்ல, நம்ம புலியூர்ப் பொண்ணு ஸ்ரீபதி. ஏலகிரியில படிச்சு, சட்டம் முடிச்சு, 2023 நவம்பர்ல புள்ளை பொறந்து ரெண்டாம் நாளு மெட்ராஸ் வரைக்கும் கார்ல போயி நீதிபதி பரீட்சையை எழுதிட்டு வந்துச்சு. அப்புறம் நேர்முகத் தேர்வு. 2024 பிப்ரவரியில சேதி வந்துச்சு, 23 வயசுல உரிமையியல் நீதிபதி. பச்சை ஒடம்போட அந்தப் பொண்ணு மலைப்பாதை வளைவெல்லாம் இறங்கிப் போச்சு. நீ போளூர் பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கிடைக்கலைன்னு திரும்பி வந்தவன்.

சரி, இப்ப கிட்ட வா. இதை மெதுவாத்தான் சொல்லணும்.

கேள்வியே கேக்காத இன்டர்வியூ ஒண்ணு இருக்குது. ஷூ வேணாம், பயோடேட்டா வேணாம், அப்பன் பேரு வேணாம். பைக்ல வருவான், பிரியாணி வாங்கித் தருவான், தோளை ஒரு தட்டு தட்டி, "வெயிட் தூக்குவியா?"ன்னு மட்டும் கேப்பான். நீ தலையாட்டினா போதும், முன்பணம் கையில. ஊருக்குள்ள கட்டட வேலை, பெயின்ட் வேலைன்னு சொல்லிக்கலாம். அவ்வளவு சுளுவா இந்த மலைக்காரனுக்கு வேற எவனும் வேலை குடுத்ததில்ல. 2015 ஏப்ரல் 7ல சேஷாசலம் காட்டுல, செம்மரம் வெட்ட வந்தாங்கன்னு ஆந்திரா போலீஸ் 20 பேரைச் சுட்டுச்சே, அத்தனை பேரும் தமிழ்நாட்டு ஆளுங்க. நம்ம மலைக்காரனும் அதுல இருந்தான். கூட்டிக்கினு போன புரோக்கர் எவனும் அந்தப் பொணத்துக்குப் பக்கத்துல கிடக்கல.

அதனால ஆபிசர் ஒம்போது கேள்வி கேட்டா எரிச்சல் படாதே. நல்லாக் கேக்கட்டும். கேக்கிறவன்தான் நாளைக்கு உனக்குக் கை அடிபட்டா பதில் சொல்லணும். அவன் முடிச்சதும் நீ கேளு. சம்பளம் எந்தத் தேதியில வரும்? கைக்கு எவ்வளவு, புடிச்சது போக எவ்வளவு? பி.எஃப். நூத்துக்குப் பன்னெண்டு என்கிட்டப் புடிச்சா உங்க பங்கையும் கட்டுவீங்களா? ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டா? தங்குற எடத்துக்கும் சோத்துக்கும் தனியாப் புடிப்பீங்களா? இதைக் கேட்டா கோவிச்சுக்கிற கம்பெனி நமக்கு வேணாம், சாமை நெலம் அப்படியே இருக்குது.

ஆதாரு, சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட்டு எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கோ. ஒரிஜினலைக் காட்டு, யார்கிட்டயும் வுட்டுட்டு வராதே. உங்க மாமனை வூட்டுலயே கட்டிப் போடு. வேலை கிடைச்சா கம்பெனி பேரு, ஊரு, ஆபிசர் போன் நம்பரு மூணையும் ஒரு காகிதத்துல எழுதி உங்க அம்மா கையில குடு. குடுத்துட்டு அப்புறம் பஸ் ஏறு.